44 கிராம் ஆரம், 36.5 கிராம் தங்கம்: நகை டிசைனுக்கு நாம கொடுக்கற விலையின் கதை



தங்கம் பத்தின போன வீடியோவுக்குக் கீழே ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருந்தீங்க. "ரெண்டு நகையும் 916 தான், ரெண்டும் ரெண்டு பவுன்தான். ஒண்ணுக்கு வி.ஏ. 6 சதவீதம், இன்னொண்ணுக்கு 20 சதவீதம்னு சொல்றாங்க. ஏன்னு கேட்டா 'டிசைன் அப்படி சார்'ங்கறாங்க. டிசைன்னா அப்படி என்னதான் சார்?"

நியாயமான கேள்வி. பத்து நிமிஷ வீடியோவுல அடங்காது, அதனால உட்கார்ந்து எழுதறேன். முதல்ல எங்க வீட்டுக் கதை. ஏன்னா, இதே கேள்வியை ஒரு நகைக்கடை கவுன்டர்ல நான் கேட்டிருக்க வேண்டிய நாள் ஒண்ணு இருந்தது. கேட்கலை.

அக்காவோட ஆரம்

2013-ல அக்காவுக்குக் கல்யாணம். சேலை எடுத்தாச்சு, மண்டபம் பேசியாச்சு, மிச்சம் நகை. அம்மா, அக்கா, நான் மூணு பேரும் கடைக்குப் போனோம். அக்கா ஒரு ஆரத்தை எடுத்துக் கழுத்துல வெச்சுப் பார்த்தா. நடுவுல பெரிய லட்சுமி பதக்கம், ரெண்டு பக்கமும் அன்னப்பட்சி, சுத்தி சிவப்பும் பச்சையுமா கல், அடியில முத்துத் தொங்கல். கண்ணாடியில தன்னைப் பார்த்துட்டு அவ சிரிச்ச சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. அதுக்கு மேல யாரும் எதுவும் பேசலை.

44 கிராம். பில் போட்டாங்க, அப்பா சேர்த்து வெச்சிருந்த பணம் போச்சு. அந்த பில்லை வாங்கி, நாலா மடிச்சு, பையில வெச்சது நான்தான். அப்ப நான் சிஏ ஃபைனல் படிச்சுட்டு இருந்தேன். ஊர்ல இருக்கற கம்பெனி பில்லையெல்லாம் வரி வரியா டிக் அடிச்சுட்டு இருந்தவன், எங்க வீட்டு பில்லை ஒரு வரிகூட படிக்கலை.

2020 லாக்டவுன்ல மாமாவோட சின்ன பிரிண்டிங் பிரஸ் மூணு மாசம் மூடிக் கிடந்தது. வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுக்கணும். அக்கா ஆரத்தை எடுத்துக்கிட்டு பேங்குக்குப் போனா, நானும் கூடப் போனேன். அப்ரைசர் தராசுல வெச்சார், கல்லை எண்ணினார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், சீட்டுல எழுதினார்: மொத்த எடை 44, நிகர எடை 36.5.

"மீதி ஏழரை கிராம் எங்கே சார்?"னு அக்கா கேட்டா.

"கல்லும்மா. உள்ளே அரக்கு வேற இருக்கு. பேங்க் தங்கத்துக்கு மட்டும்தான் கடன் கொடுக்கும்."

வீட்டுக்கு வந்து பழைய பில்லைத் தேடி எடுத்தேன். 44 கிராமுக்கும் தங்க விலை போட்டிருந்தாங்க. கல் எடைன்னு ஒரு காலம் இருந்தது, அது காலியா இருந்தது. அந்த 44 கிராம் மேலதான் சேதாரமும். அதாவது கிட்டத்தட்ட ஒரு பவுன் எடைக்கு, கண்ணாடிக் கல்லையும் அரக்கையும் தங்கத்தோட விலைக்கு வாங்கியிருக்கோம். அக்கா ஒண்ணும் சொல்லலை. "நீ கூட இருந்தியேடா"ன்னு மட்டும் கேட்டா.

அன்னிக்குத் தொடங்கினதுதான் இந்தப் படிப்பு. நகை எப்படிச் செய்யறாங்க, எந்த டிசைன் எங்கிருந்து வந்தது, அதுல எது தங்கம், எது உழைப்பு, எது வெறும் பேச்சு. நான் தெரிஞ்சுக்கிட்டதை வரிசையா சொல்றேன்.

தங்கம்ங்கறது முதல்ல ஒரு உலோகம்

தங்கம் ரொம்ப மென்மையானது. ஒரே ஒரு கிராமை அடிச்சு அடிச்சு கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர் தகடா விரிக்கலாம். அதனால மனுஷன் தங்கத்துல செஞ்ச முதல் டிசைன்கள் எல்லாம் தகடும் கம்பியும்தான். நம்ம ஆதிச்சநல்லூர்ல நூறு வருஷத்துக்கு முன்னாடி அலெக்சாண்டர் ரியா தோண்டினப்போ, புதைச்ச தாழிகளோட தங்க நெற்றிப்பட்டங்கள் கிடைச்சுது. மெல்லிய தகடுதான். கொஞ்சம் தங்கத்தை வெச்சு நெத்தி முழுக்கப் பளபளக்க வைக்கறது. இன்னிக்குக் கடையில "லைட் வெயிட், ஆனா பார்க்க கிராண்டா இருக்கும்"னு சொல்றாங்களே, அது புது ஐடியாவே இல்லை.

ஆனா சுத்தத் தங்கத்துல ஒரு சங்கடம். தகடா விரியும், ஆனா கல்லை இறுக்கிப் பிடிக்காது. அதனால செம்பு, வெள்ளி கலக்கறாங்க. 24 பங்குல 22 பங்கு தங்கம் இருந்தா 22 கேரட், அதாவது நூத்துக்கு 91.6. 18 பங்கு இருந்தா 75 சதவீதம், 14 பங்கு இருந்தா 58.3 சதவீதம். கலப்பு கூடக்கூட உலோகம் கெட்டியாகும். வைர மோதிரம் பெரும்பாலும் 18 கேரட்ல வர்றதுக்கு இதுதான் காரணம். மெல்லிசான நாலு கம்பி நகம் வைரத்தைப் பிடிச்சு நிக்கணும், 22 கேரட்டா இருந்தா நகம் வளைஞ்சு கல் விழுந்துடும். கடைக்காரர் ஏமாத்தறார்னு நினைக்காதீங்க. ஆனா 18 கேரட் நகைக்கு 18 கேரட் ரேட்தான் போட்டிருக்காங்களான்னு மட்டும் பாருங்க.

ஆக, டிசைனோட முதல் விதி: எந்த வடிவம் வேணும்ங்கறது, எந்த கேரட்னு முடிவு பண்ணுது. அந்த கேரட், பின்னாடி உங்களுக்கு எவ்வளவு திரும்ப வரும்னு முடிவு பண்ணுது.

உள்ளே என்ன இருக்கு?

தகட்டை வளைச்சு, ஓரத்தைச் சேர்த்தா உள்ளே கூடு வரும். குறைஞ்ச தங்கத்துல பெரிய நகை. இந்தக் கூட்டுக்குள்ள எதையாவது போடணும், இல்லைன்னா நசுங்கிடும், அல்லது சத்தம் வராது. கொலுசுல பரல் போடறது இப்படித்தான்.

இந்த ஒரு டிசைன் விஷயத்தை வெச்சுத்தான் தமிழோட மிகப் பெரிய நீதிக் கதையே நடக்குது. சிலப்பதிகாரம். கோவலன் மதுரையில ஒரு சிலம்பை விக்கப் போறான். வெளியிலிருந்து பார்த்தா அது அரசியோட சிலம்பு மாதிரியே இருக்கு. பொற்கொல்லன் சொல்றான், அரசன் நம்பறான், உயிர் போகுது. அப்புறம் கண்ணகி வந்து உடைச்சுக் காட்டறா. அரசியோடதுல முத்து, இவளோடதுல மாணிக்கம். வெளி டிசைன் ஒண்ணு, உள் சரக்கு வேற. என்னைக் கேட்டா தமிழோட முதல் ஸ்டாக் ஆடிட் அதுதான். அன்னிக்கு ஹெச்யூஐடி இருந்திருந்தா மதுரை எரிஞ்சிருக்காது!

இதுக்கு நேர் எதிரான உதாரணமும் நம்மகிட்ட இருக்கு. தஞ்சாவூர் பெரிய கோயில். ராஜராஜ சோழனும் அவரோட குடும்பத்தாரும் கோயிலுக்குக் கொடுத்த நகைகளைக் கல்வெட்டா வெட்டி வெச்சிருக்காங்க. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பில்னு சொல்லலாம். ஒவ்வொரு நகைக்கும் தங்கம் எத்தனை கழஞ்சு, வைரம் எத்தனை, மாணிக்கம் எத்தனை, முத்து எத்தனை, அதுகளோட ரகம் என்ன, எத்தனை காசு பெறும்னு தனித்தனியா இருக்கு. அரக்கோட சேர்த்து எடை போட்டிருந்தா, அரக்கு உட்படன்னே எழுதியிருக்கு. எந்த எடைக்கல்லால நிறுத்தாங்கங்கறதுகூட இருக்கு. தங்கத்தை நிறுத்த கல்லோட பேர் ஆடவல்லான்.

அந்தக் கல்வெட்டைப் பத்திப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் வெட்கமாவே இருந்தது. கழஞ்சும் மஞ்சாடியும் குன்றிமணியுமா எடை போட்ட காலத்துல, கல்லையும் அரக்கையும் மறைக்காம எழுதியிருக்காங்க. டிஜிட்டல் தராசு வெச்ச காலத்துல எங்க பில்லுல அந்தக் கட்டம் காலி.

கல் எப்படி உட்காருதுங்கறதுதான் செலவு

கல் பதிக்கறதுல ரெண்டு வழி. ஒண்ணு, பின்பக்கம் மூடின க்ளோஸ்டு செட்டிங். தங்கக் கூட்டுக்குள்ள அரக்கு வெச்சு, மேல பளபளப்பான மெல்லிய தகடு வெச்சு, அதுக்கு மேல கல்லை உட்கார வெச்சு, சுத்தித் தங்கத்தை அழுத்திப் பிடிக்க வைக்கறது. விளக்கு வெளிச்சத்துல கல் ஜொலிக்கணும்னா அடியில தகடு வேணும். கருவறையில எண்ணெய் விளக்குல பார்க்கற சாமி நகைக்கு இது பொருத்தமான டிசைன். இன்னொண்ணு, பின்பக்கம் திறந்த ஓப்பன் செட்டிங். வெளிச்சம் கல்லுக்குள்ள புகுந்து வெளிய வரும், பட்டை தீட்டின வைரத்துக்கு இதுதான் சரி.

க்ளோஸ்டு செட்டிங்ல உள்ளே எவ்வளவு அரக்கு, எவ்வளவு தங்கம்னு வெளியிலிருந்து தெரியாது. கடைக்காரர் சொல்ற கல் எடையை நீங்க நம்பணும். ஓப்பன் செட்டிங்ல கல்லைக் கண்ணால பார்க்கலாம். அதனால க்ளோஸ்டு செட்டிங் நகைக்கு, நிகரத் தங்க எடையை பில்லுல எழுதி வாங்காம வெளிய வரவே கூடாது.

"டெம்பிள் ஜுவல்லரி"ன்னு இப்ப எல்லாக் கடையிலயும் ஒரு தனி கவுன்டர் இருக்கே, அதோட பூர்வீகம் இதுதான். முதல்ல சாமிக்கு, அப்புறம் கோயில்ல ஆடினவங்களுக்கு, அப்புறம் பரதநாட்டிய மேடைக்கு, அங்கிருந்து கல்யாணப் பொண்ணுக்குன்னு இறங்கி வந்த டிசைன். நாகர்கோவில் வடசேரியில இதைப் பரம்பரையா செய்யறாங்க, புவிசார் குறியீடும் வாங்கியிருக்காங்க. அங்க நடனத்துக்காகச் செய்யற நகை வெள்ளியில அடிச்சு, சிவப்புக் கெம்புக் கல் பதிச்சு, தங்க மேல்பூச்சு கொடுத்தது. மேடையில அதுக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு நாள் முகூர்த்தத்துக்கு மட்டும் டெம்பிள் செட் வேணும்னா, முழுக்கத் தங்கத்துலதான் வேணுமான்னு ஒரு நிமிஷம் யோசிங்க. அசல் கலைஞன் செஞ்சது வெள்ளியில கிடைக்கும், கையில மிஞ்சற பணத்துல நாணயமே வாங்கிடலாம்.

சேதாரம்னு ஒண்ணு நிஜமாவே இருந்தது

எங்க அம்மாயியோட அட்டிகையை ஒரு ஆசாரி வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து செஞ்சு கொடுத்தாராம். தங்கத்தை நாம கொடுக்கணும், அவர் செய்வார். "கண்ணு, நாலு நாள் அவரு எதிர்ல உக்கார்ந்தே இருந்தேன், சாப்பிடக்கூட எந்திரிக்கல"ன்னு அம்மாயி சொல்லும். ஏன்னா ஒவ்வொரு வேலையிலயும் கொஞ்சம் தங்கம் போகும். உருக்கும்போது, கம்பி இழுக்கும்போது, அரம் ராவும்போது, மெருகு போடும்போது. அந்தத் தூள்தான் சேதாரம். கூலி தனி, சேதாரம் தனி. அந்தத் தூளுக்கும் மதிப்பு உண்டு, பட்டறை இருக்கற தெருவோட மண்ணைக் கூட்டிச் சலிச்சுத் தங்கம் எடுத்துப் பிழைக்கறவங்க கோயம்புத்தூர்ல இன்னிக்கும் இருக்காங்க.

இன்னொரு பழைய சிக்கல், பத்தவைப்பு. ரெண்டு துண்டுத் தங்கத்தை ஒட்டணும்னா, நகையைவிடச் சீக்கிரம் உருகற ஒரு கலவை வேணும். ஆசாரிகள் அதைப் 'பொடி'ன்னு சொல்வாங்க. அதுல செம்பும் வெள்ளியும் அதிகம். நூறு கண்ணி இருக்கற சங்கிலியில நூறு இடத்துல பொடி. நகையை மொத்தமா உருக்கினா 'டச்' குறையும். பாட்டி காலத்து நகையை விக்கப் போகும்போது "இது 916 வராதும்மா"ன்னு சொல்றதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், ஆசாரி ஏமாத்தினாருன்னு அர்த்தமில்லை. அப்புறம் காட்மியம் கலந்த கேடிஎம் வந்தது. டச் குறையலை, ஆனா அதோட புகை பட்டறையில வேலை பார்க்கறவங்க நுரையீரலைக் கெடுத்தது. இன்னிக்கும் யாராவது 'கேடிஎம் நகை'ன்னு பெருமையா சொன்னா, அது தரமுத்திரை இல்லை, ஒட்டற முறையோட பேர்தான்னு தெரிஞ்சுக்கோங்க.

இப்ப நிலைமை என்ன? சங்கிலியை மெஷின் பின்னுது. தோட்டை அச்சுல அடிக்கறாங்க. கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, மெழுகுல பிரிண்ட் எடுத்து, அச்சு வார்க்கறாங்க. தூள் எல்லாம் திரும்பப் பிடிக்கப்பட்டு மறுபடியும் உருகப் போகுது. நிஜ சேதாரம் ரொம்பக் குறைஞ்சாச்சு. ஆனா பில்லுல அந்த வரி அப்படியேதான் இருக்கு. பேர்தான் வி.ஏ., வேல்யூ அடிஷன். செய்கூலி, சேதாரம், டிசைன், கடை வாடகை, லாபம் எல்லாம் அந்த ரெண்டு எழுத்துக்குள்ள இருக்கு. அதனாலதான் அது பேரம் பேசக்கூடியது. தங்க ரேட்ல பேரம் கிடையாது, வி.ஏ.ல உண்டு. தயங்காம கேளுங்க.

கை வேலைக்கு மட்டும் அந்த விலை நிஜமாவே நியாயம். நகாசு வேலையை எடுத்துக்கோங்க. அரக்குப் படுக்கை மேல தகட்டை வெச்சு, சின்னச் சின்ன உளியால தட்டித் தட்டி லட்சுமி முகத்தைக் கொண்டு வர்றது. நாள் கணக்குல உட்காரணும். ஆனா அதே முகத்தை அச்சுல அடிச்சு, கருப்பு மெருகு கொடுத்து, 'ஆன்டிக்'னு பேர் வெச்சு அதே வி.ஏ. வாங்கற நகையும் இருக்கு. ஆன்டிக்னா பழசு இல்லை, வெறும் ஃபினிஷ். எப்படிக் கண்டுபிடிக்கறது? ஆரத்துல இருக்கற அஞ்சு லட்சுமியைப் பக்கத்துல பக்கத்துல பாருங்க. மூக்கு, காது, கை எல்லாம் அச்சு மாறாம இருந்தா அது அச்சு. ஒண்ணுக்கொண்ணு துளி வித்தியாசம் தெரிஞ்சா கை. கை வேலைன்னா கொடுங்க, அந்தக் காசு ஒரு கலைஞனுக்குப் போகுதுன்னு நினைச்சு மனசாரக் கொடுங்க. அச்சுக்குக் கை விலை கொடுக்காதீங்க.

காசு மாலை சொல்ற பாடம்

நம்ம ஊர் நகைகள்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் காசு மாலை. தென்னிந்தியாவுல கிடைச்ச ரோமானியத் தங்க நாணயங்கள்ல, கழுத்துல கோக்கறதுக்காக ஓட்டை போட்டதும், வளையம் வெச்சதும் உண்டு. சேமிப்பையே கழுத்துல போட்டுக்கற யோசனை. தேவைப்பட்டா ஒரு காசைக் கழட்டலாம், டிசைன் கெடாது. பிரிட்டிஷ் காலத்துல வந்த சவரன் நாணயமும் இப்படிச் சரடுல ஏறுச்சு. அது 22 கேரட், எடை 7.988 கிராம். நாம இன்னிக்கும் 8 கிராமை ஒரு பவுன், ஒரு சவரன்னு சொல்றது அந்த நாணயத்தோட மிச்சம்தான்.

22 கேரட் மேல நமக்கு இருக்கற பிடிவாதத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1962 சீனப் போர் முடிஞ்சு அந்நியச் செலாவணி இல்லாம நாடு தவிச்சப்போ, நிதியமைச்சரா இருந்த மொரார்ஜி தேசாய் 1963-ல தங்கக் கட்டுப்பாடு கொண்டு வந்தார். 14 கேரட்டுக்கு மேல புது நகை செய்யக் கூடாது. மக்கள் அந்த நகையை ஏத்துக்கலை. பொற்கொல்லர் குடும்பங்கள் வேலையிழந்து தெருவுக்கு வந்தாங்க, உயிரை விட்டவங்களும் உண்டு. 1966-ல அந்த 14 கேரட் விதியை எடுத்தாங்க. 1968-ல வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரைக்கும் இருந்தது.

சட்டம் போட்டு விக்க முடியாத 14 கேரட், இன்னிக்கு 'ஆபீஸ் வேர்', 'டெய்லி வேர்'ங்கற பேர்ல சந்தோஷமா விக்குது. 2025-லிருந்து 9 கேரட்டுக்கும் ஹால்மார்க் உண்டு. தப்பில்லை. கெட்டியான உலோகம், மெல்லிசான டிசைன், தினமும் போடலாம். ஆனா 14 கேரட்ல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் தங்கம். அதை நல்ல சட்டை, நல்ல வாட்ச் வாங்கற மாதிரி வாங்குங்க. 'தங்கத்துல முதலீடு பண்ணேன்'னு எக்செல் ஷீட்ல ஏத்தாதீங்க.

கணக்குக்கு வருவோம்

புரியறதுக்காக 22 கேரட் கிராம் 10,000 ரூபாய்னு வெச்சுக்கலாம். இன்னிக்கு ரேட் எதுவா இருந்தாலும் சதவீதம் மாறாது.

நகை 1: மெஷின் சங்கிலி, 16 கிராம், கல் இல்லை.
தங்கம்: 1,60,000
வி.ஏ. 6 சதவீதம்: 9,600
ஜிஎஸ்டி 3 சதவீதம்: 5,088
மொத்தம்: 1,74,688

நகை 2: கல் வெச்ச ஆன்டிக் நெக்லஸ், மொத்த எடை 20 கிராம், கல்லும் அரக்கும் 4 கிராம், நிகரத் தங்கம் 16 கிராம்.
தங்கம்: 1,60,000
வி.ஏ. 20 சதவீதம்: 32,000
கல் விலை: 9,000
ஜிஎஸ்டி 3 சதவீதம்: 6,030
மொத்தம்: 2,07,030

மறுநாளே விக்கப் போறீங்க, கடைக்காரர் ஒரு பைசா பிடிக்காம முழு ரேட் கொடுக்கறார்னு வைங்க. ரெண்டுக்கும் கிடைக்கறது அதே 1,60,000 தான். முதல் நகையில 14,688 போச்சு, கொடுத்ததுல 8.4 சதவீதம். ரெண்டாவதுல 47,030 போச்சு, 22.7 சதவீதம். போட்ட காசு திரும்ப வரணும்னா முதல் நகைக்குத் தங்கம் 9.2 சதவீதம் ஏறணும், ரெண்டாவதுக்கு 29.4 சதவீதம்.

இது ஒழுங்கான பில். எங்க வீட்டு பில் மாதிரி 20 கிராமுக்கும் தங்க விலை போட்டா? கல் எடை 4 கிராமுக்கு 40,000, அது மேல வி.ஏ. 8,000, அது மேல ஜிஎஸ்டி. கூடுதலா கிட்டத்தட்ட அம்பதாயிரம். இது டிசைன் செலவில்லை, நம்ம கவனக்குறைவுக்கு நாம கட்டற அபராதம்.

வரிப் பக்கமும் ரெண்டு வார்த்தை. நகையை வாங்கி 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்து வித்தா, லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி, இண்டெக்ஸேஷன் கிடையாது. இது 2024 ஜூலை 23-லிருந்து உள்ள விதி. அதுக்கு முன்னாடியே வித்தா உங்க ஸ்லாப்படி. பழசைக் கொடுத்துப் புதுசு எடுக்கறதும் வரிச் சட்டப்படி விற்பனைதான், இது பல பேருக்குத் தெரியாது. செய்கூலியும் ஜிஎஸ்டியும் கடையில திரும்ப வராது, ஆனா பில் இருந்தா லாபக் கணக்குல அதையும் வாங்கின விலையா காட்டலாம். அதனால பில்லை நகையோடயே பத்திரமா வைங்க. தெர்மல் பேப்பரா இருந்தா எழுத்து அழியும், போட்டோ எடுத்து மெயில்ல போட்டுடுங்க.

கடையில கேட்க வேண்டிய அஞ்சு கேள்வி

1. மொத்த எடை எவ்வளவு, கல்லும் அரக்கும் எவ்வளவு, நிகரத் தங்கம் எவ்வளவு? மூணும் பில்லுல தனித்தனியா வரணும். வி.ஏ. நிகரத் தங்கத்து மேல மட்டும்தான்.

2. ஹால்மார்க்ல மூணு அடையாளமும் இருக்கா? பிஐஎஸ் முத்திரை, தூய்மை எண், ஆறு இலக்க ஹெச்யூஐடி. 2023 ஏப்ரல் 1-லிருந்து ஹெச்யூஐடி இல்லாத நகையைக் கடையில ஹால்மார்க் நகைன்னு விக்க முடியாது. பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த எண்ணைப் போட்டு, கவுன்டர்ல நின்னுக்கிட்டே சரிபாருங்க. ஆனா ஹால்மார்க் தங்கத்தோட தூய்மைக்குத்தான் சாட்சி, கல் எடைக்கு இல்லை.

3. கை வேலையா, அச்சா, காஸ்டிங்கா? பதிலுக்கு ஏத்த மாதிரி வி.ஏ. பேசுங்க.

4. கல் என்ன கல்? கண்ணாடியா, செயற்கையா, இயற்கையா? திரும்ப எடுக்கும்போது கல்லுக்கு ஏதாவது கொடுப்பீங்களா? 'இல்லை'ன்னா அந்தப் பணத்தை இப்பவே மறந்துடுங்க.

5. திரும்ப எடுக்கும்போது எந்த ரேட், எத்தனை சதவீதம் பிடிப்பீங்க? பணமா கொடுப்பீங்களா, நகையாத்தானா? எழுதித் தரச் சொல்லுங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி உங்ககிட்டயே கேட்டுக்க வேண்டிய கேள்வி ஒண்ணு: இந்த நகையை நான் போட்டுக்க வாங்கறேனா, சேமிக்க வாங்கறேனா? சேமிப்புன்னா நாணயம், கோல்டு இடிஎஃப், அதிகபட்சம் கல் இல்லாத வளையல், சங்கிலி. போட்டுக்கன்னா உங்களுக்குப் பிடிச்ச டிசைன், தாராளமா. ரெண்டையும் ஒரே நகையில எதிர்பார்க்கும்போதுதான் நாம ஏமாந்த மாதிரி உணர்றோம்.

மறுபடியும் அந்த ஆரம்

மாமா பிரஸ் மறுபடி ஓட ஆரம்பிச்சு, ஒன்றரை வருஷத்துல அக்கா ஆரத்தை மீட்டுட்டா. அப்ப நான்தான் யோசனை சொன்னேன்: "இதை வித்துட்டு 36 கிராமுக்கு நாணயமா வாங்கிடலாம்க்கா. கணக்குப்படி அதுதான் சரி."

அக்கா ஆரத்தை எடுத்து, கண்ணாடி முன்னாடி நின்னு கழுத்துல வெச்சுப் பார்த்தா. 2013-ல வெச்சுப் பார்த்த மாதிரியே.

"பணமா பார்த்தாத்தான்டா இது தப்பா தெரியுது. நகையா பார்த்தா ஒரு குறையும் இல்ல. குட்டிக்கு வெச்சுருக்கேன். நீ வேணா அவளுக்கு உண்மையான எடையை எழுதிக் கொடு."

ஒரு சிஏ தம்பியால அதுக்கு மேல வாதாட முடியலை. சின்ன அட்டையில எழுதி, நகைப் பெட்டிக்குள்ள பில்லோட சேர்த்து வெச்சேன். மொத்த எடை 44. தங்கம் 36.5. கல், அரக்கு 7.5. செஞ்ச வருஷம் 2013.

இந்த வாரக் கடைசியில உங்க வீட்டு நகைப் பெட்டியையும் திறங்க. ஒவ்வொரு நகைக்கும் இந்த மாதிரி ஒரு அட்டை எழுதுங்க. எடை தெரியலைன்னா, நம்பிக்கையான அப்ரைசர்கிட்ட ஒரு தடவை காட்டிக் கேட்டுக்கோங்க. அப்பா, அம்மாவையும் பக்கத்துல உட்கார வெச்சுக்கோங்க. எது யார் செஞ்சது, எப்ப எடுத்ததுங்கற கதை அவங்ககிட்டதான் இருக்கு.

சந்தேகம் இருந்தா வீடியோவுக்குக் கீழே கேளுங்க, பில் போட்டோ போடறதா இருந்தா பேரையும் போன் நம்பரையும் மறைச்சுட்டுப் போடுங்க. அடுத்த வாரம் நகைச் சீட்டுக் கணக்கோட சந்திப்போம்.